பதில்: ஃபோர்ட்ரான் கையேடு – ஹெடர் வரிக்கு என்ன சொல்?

வணக்கம். ஃபோர்ட்ரான் நிரல்மொழிக்கான நம் தமிழ்க் கையேட்டின் கலைச்சொற்கள் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில் இது.

> தரவுக் கோப்பின் மேலே வரும் ஹெடர் வரிக்குத் 'தலைவரி' என்றே வைத்துவிடலாமே. சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான். ஆனால் தலைவரி என்றால் ஆளுக்கு இவ்வளவு என்று அரசு வசூலிக்கும் வரி. 'நிரல் முதலில் மூன்று தலைவரிகளைத் தாண்டும்' என்று எழுதினால் வரி ஏய்ப்பு மாதிரி இருக்கும். 'முகவரி'யும் ஏற்கெனவே விலாசத்துக்குப் போய்விட்ட சொல்.

> அப்படியானால் 'தலைப்பு வரி'?

இதில்தான் எனக்குத் தயக்கம். தலைப்பு என்றதும் கீழே இருப்பதன் பெயர் என்றே யாரும் நினைப்பார்கள். ஹெடரில் அது ஒரு வகை மட்டுமே. நிலப்படத் தரவைக் கட்டம் கட்டமாக வைக்கும் எஸ்ரி ஆஸ்கி கிரிட் கோப்பைப் பாருங்கள். வழக்கமாக ஆறு வரி வரும்: நெடுவரிசை எத்தனை, கிடைவரிசை எத்தனை, இடப்பக்கக் கீழ் மூலையின் ஆயத்தொலைவுகள் இரண்டு, கட்டத்தின் அளவு, மதிப்பு இல்லாத இடத்தைக் காட்டும் எண் (பெரும்பாலும் -9999). இவற்றில் எதுவும் தலைப்பு இல்லை. ஆனால் இவற்றைப் படிக்காமல், மதிப்புகளை வைக்கும் அணிக்கு (அரே) நினைவகத்தில் இடம்கூட ஒதுக்க முடியாது. வளிமண்டல அளவீடுகளுக்கான நாசா ஏம்ஸ் வடிவத்தில் முதல் வரியின் முதல் எண்ணே ஹெடர் மொத்தம் எத்தனை வரி என்று சொல்லிவிடும், நிரல் எழுதுபவருக்கு அது பெரிய உபகாரம். ஜிபிஎஸ் தரவுக்கான ரைனெக்ஸில் அந்த வசதி இல்லை. 61ஆம் எழுத்திடத்தில் 'எண்ட் ஆஃப் ஹெடர்' என்று வரும்வரை படித்துக்கொண்டே போக வேண்டும்.

ஃபோர்ட்ரானுக்கோ வரியில் என்ன எழுதியிருக்கிறது என்ற கவலையே கிடையாது. கோப்பிலிருந்து வாசிக்கச் சொல்லும் வழக்கமான ரீட் கூற்று குறைந்தது ஒரு பதிவையாவது (இங்கே ஒரு வரி) முடித்துவிட்டு, அடுத்ததன் தொடக்கத்தில் போய் நிற்கும். வாசித்ததை எந்தெந்த மாறியில் வைப்பது என்ற பட்டியல் இல்லாத வெறும் ரீட் போட்டால் ஒரு வரி அப்படியே கழிந்துவிடும். துளையட்டைக் காலத்துப் பழக்கம் இது: ஓர் அட்டை, ஒரு பதிவு. ஆகவே நம் சொல்லும் வரி இருக்கும் இடத்தைக் காட்டினால் போதும். என் பரிந்துரை 'முகப்பு வரி'. அவ்வரிகள் எல்லாம் சேர்ந்த தொகுதி 'முகப்பு'. நூலின் முன்னுரையான பாயிரத்துக்கு நன்னூல் தரும் ஏழு பெயர்களில் நூன்முகமும் ஒன்று. நூலுக்கு முகம் இருக்கலாம் என்றால் கோப்புக்கும் இருக்கட்டுமே.

'தலைப்பு' வீணாகாது. நெடுவரிசைகளின் பெயர்கள் வரும் அந்த ஒரு வரியை 'நெடுவரிசைத் தலைப்பு' எனலாம். பள்ளிக் கணக்கில் நிரை, நிரல் என்று படித்தவர்கள் 'நிரல் தலைப்பு' கேட்பார்கள். கணினிப் பக்கம் நிரல் 'புரோகிராம்' என்ற வேறு வேலைக்குப் போய்விட்டதே!

ஹாஷ் (#) குறியில் தொடங்கும் வரிகளையும் இதே சொல்லில் அடக்குவது எனக்குச் சம்மதமில்லை. அவை 'குறிப்பு வரி'. தரவுக்கு நடுவிலும் வரும் என்பதால் அவற்றை எண்ணித் தாண்ட முடியாது. ஒவ்வொரு வரியையும் முதலில் எழுத்துச் சரமாக வாங்கி, முதல் எழுத்தைப் பார்த்து, தரவாக இருந்தால் அந்தச் சரத்திலிருந்தே மறுபடி ரீட் செய்ய வேண்டும். இதற்குக் கையேட்டு வரைவில் உள்ள 'உள்வாசிப்பு' நன்றாகவே இருக்கிறது, மாற்ற வேண்டாம்.

> ஸ்கிப்புக்குத் 'தவிர்' சரியா?

தவிர்ப்பது என்றால் தொடாமலே விடுவது. ஃபோர்ட்ரான் அப்படி விடுவதில்லை, அந்த வரி வழியாகத்தான் போகிறது. கோப்பு அதற்குள் முடிந்திருந்தால் வெறும் ரீட்டும் மாட்டிக்கொள்ளும். அதனால் 'தாண்டு' என்பதே பொருந்தும்.

அப்புறம், வாசிப்பு எப்படி முடிந்தது என்று ஃபோர்ட்ரான் சொல்லும் எண்ணான ஐயோஸ்டாட்டுக்கு வரைவில் 'பிழை எண்' என்று இருக்கிறது. பூச்சியம் வந்தால் வாசிப்பு நல்லபடி முடிந்தது, குறை எண் வந்தால் பெரும்பாலும் கோப்பு தீர்ந்தது, மிகை எண் வந்தால்தான் பிழை. 'நிலை எண்' என்று மாற்றலாமா? மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் கோப்பு வாசிப்பு அத்தியாயம் முழுக்க இந்தச் சொற்களைப் போட்டுவிடுகிறேன்.