கொஹிமா போர்க் கல்லறையில் டென்னிஸ் மைதானம் எப்படி வந்தது?

ஊர்சுற்றி:
டிசம்பரில் ஹார்ன்பில் திருவிழாவுக்கு நாகாலாந்து போகிறோம், அம்மாவும் வருகிறார். கொஹிமா போர் நினைவிடம் போய் வந்தவர்கள் எல்லாரும் டென்னிஸ் மைதானத்தைத்தான் படம் போடுகிறார்கள். கல்லறைகளுக்கு நடுவே மைதானம் எதற்கு?

பழைய பட்டாளம்:
மைதானம்தான் முதலில் வந்தது தம்பி, கல்லறை அப்புறம். அந்தக் குன்றுச் சரிவில் துணை ஆணையர் சார்லஸ் பாசியின் பங்களா இருந்தது, மைதானமும் அவருடையதுதான். 1944 ஏப்ரலில் ஜப்பானின் 31-வது டிவிஷன் பர்மாவிலிருந்து வந்து ஊரை வளைத்தது. திமாப்பூர் - இம்பால் சாலை இந்த வழியாகத்தான் போகிறது. அதை மறித்தால் இம்பாலில் இருக்கும் பிரிட்டிஷ் இந்தியப் படைக்குச் சோறும் கிடையாது, குண்டும் கிடையாது. ஊருக்குள்ளே மாட்டிய பிரிட்டிஷ் இந்தியத் தரப்பில் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவர்கள் சுமார் 1,500 பேர். வெளியே ஜப்பானியர்கள் பத்தாயிரத்துக்கும் மேல்.

மைதானத்தின் ஒரு ஓரத்தில் நம் தரப்பின் பதுங்குகுழி, மறு ஓரத்தில் ஜப்பானியருடையது. அவ்வளவுதான் இடைவெளி. மே மாதம் ஒரு டாங்கியைச் சரிவில் இறக்கி மைதானத்துக்குள் கொண்டுவந்த பிறகுதான் அந்த இடம் மீண்டது. சாலை திறந்தது ஜூன் 22. பங்களா மிஞ்சவில்லை. மைதானத்தின் கோடுகளை மட்டும் வெள்ளை சிமெண்டில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

எனக்கு அங்கே போஸ்டிங் இருந்தபோதும் இதே கதைதான்: வருகிறவர்கள் மைதானத்தைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். உச்சிக்கு ஏறுங்கள். தகனம் செய்யப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களுக்கான நினைவுச் சின்னம் அங்கேதான் இருக்கிறது. கீழே புதைக்கப்பட்டவர்கள் 1,420 பேர். நம் ஊர்க்காரர்களே மேலே போகாமல் திரும்பினால் எரிச்சலாக வரும்.

மலைப்பாதை:
செர்ரி மரத்தை விட்டுவிட்டீர்களே ஐயா! ஜப்பானியர்கள் அதில் ஏறி மறைந்திருந்து சுட்டார்களாம். சண்டையில் மரம் போய்விட்டது, அடிக்கட்டையிலிருந்து துளிர்த்துத்தான் இப்போதிருப்பது வளர்ந்தது. பக்கத்திலேயே பலகை இருக்கிறது.

ஊர்சுற்றி:
நன்றி ஐயா. அம்மாவுக்கு முழங்கால் வலி. உச்சி வரை ஏற முடியுமா?

பழைய பட்டாளம்:
கஷ்டம். முழுக்க அடுக்கடுக்கான சரிவு. அம்மா கீழே நுழைவாயில் பக்கம் இருக்கும் பிரிட்டிஷ் 2-வது டிவிஷன் நினைவுக்கல்லைப் பார்த்துக்கொண்டு உட்காரட்டும், நீங்கள் ஏறிவிட்டு வாருங்கள். நாகாலாந்துக்குள் போக வெளிமாநிலத்தவர் எடுக்க வேண்டிய இன்னர் லைன் பெர்மிட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், திருவிழா நேரத்தில் கூட்டம் அள்ளும்.