மறு: மறு: கொலாட்ஸ் ஊகம் – ‘இட்டரேஷன்’ தமிழில்?

> கணித மன்றக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இரட்டைப்படை எண்ணைப் பாதியாக்கு, ஒற்றைப்படையை மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டு, வந்த விடையை மறுபடி அதே விதிக்குள் போடு; எந்த நேர் முழு எண்ணில் தொடங்கினாலும் கடைசியில் 1 வரும் என்பதுதான் ஊகம். இப்படிப் போட்டுக்கொண்டே போவதற்கு என்ன சொல்? ‘மறுசெய்கை’ போதுமா?

போதாது, அம்மா. வீட்டுப்பாடத்தை இரண்டாம் முறை எழுதினாலும் மறுசெய்கைதான். இங்கே ஒரு படியின் விடை அடுத்த படிக்குத் தொடக்கம். அந்தம் ஆதியாகிறது. ‘அந்தாதிச் செயல்’ என்றே சொல்லலாம்.

> அந்தம், ஆதி இரண்டுமே வடசொல். ‘ஈற்றுமுதல்’ என்க.

புலவர் ஐயா, ஈறு என்றதும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் ஞாபகம் வந்து பிள்ளைகள் ஓடிவிடுவார்கள்.

> அந்தாதி என்றால் மண்டலிக்க, அதாவது தொடங்கிய இடத்துக்கே திரும்பி வர, வேண்டாமா? அபிராமி அந்தாதி ‘உதிக்கின்ற’ என்று தொடங்கி ‘உதிக்கின்றனவே’ என்று முடிகிறது. 27-இல் தொடங்கினால் அப்படித் திரும்புமா?

நல்ல கேள்வி. 27 திரும்பாது. 9232 வரை ஏறி, 111 படிகளில் 1-க்கு இறங்கிவிடும். ஆனால் மண்டலிக்காததைச் செந்நடை அந்தாதி என்று பழைய செய்யுள் இலக்கணமான யாப்பருங்கலத்தின் உரையே தனியாகப் பிரிக்கிறதே! 1, 4, 2, மறுபடி 1: அதுதான் மண்டலம். நேர் எண்களில் வேறு மண்டலம் உண்டா, முடிவில்லாமல் ஏறிக்கொண்டே போகும் எண் உண்டா என்ற இரண்டுக்கும் இன்றுவரை விடை கிடையாது. எனவே ‘சைக்கிள்’ என்பதற்கு ‘மண்டலிப்பு’. இதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

> இப்படி ஏறி இறங்கும் ‘ஹெயில்ஸ்டோன்’ எண்களுக்கு ‘ஆலி எண்கள்’? ஆண்டாளே ஆலிமழை பாடியிருக்கிறாள்.

அது ஆழிமழை. ஆலங்கட்டியைக் குறிக்கும் ஆலி சங்கச் சொல்தான், ஆனால் யாருக்குப் புரியும்? ஆலங்கட்டி போல மேகத்துக்குள் ஏறி இறங்கிக் கடைசியில் தரைக்கு வருவதால் வந்த பெயர். ‘ஆலங்கட்டி எண்கள்’ என்றால் ஆறாம் வகுப்புக்கும் புரியும். இதில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறோம் என்று நினைக்கிறேன்.

> நான் இல்லை. கல்மழை இருக்கிறது. தவிர, அவசரத்துக்கு ‘மறுசெய்கை’ என்றே அச்சிடலாம் என ஐந்து பேர் சொல்லியாயிற்று.

சரி, அச்சிடுங்கள். அடைப்புக்குறிக்குள்ளாவது அந்தாதி இருக்கட்டும். அப்புறம், கணிதவியலாளர் டெரன்ஸ் டாவ் 2019-இல் காட்டியதை, அதாவது வரிசை ஒரு கட்டத்தில் தொடக்க எண்ணைவிட மிகச் சிறிய எண்ணுக்கு இறங்கும் என்பதை, ‘பெரும்பாலான எண்களுக்கு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. நூற்றுக்கு அறுபது எண்கள் சரிவந்தாலும் பெரும்பாலானவைதான். அவர் சொல்வது ‘ஏறக்குறைய எல்லா எண்களும்’, அதுவும் மடக்கை அடர்த்திக் கணக்கில் (பெரிய எண்ணுக்குக் குறைந்த எடை கொடுத்து எண்ணும் முறை). இதற்கு ஒரு சொல் சொல்லுங்கள்.

> ‘அனைத்தனைய’?

ஐயா, தயவுசெய்து வேண்டாம்.