சிறிய வரவேற்பறையைக் குறைந்த செலவில் சீராக்குவது எப்படி?

கேள்வி: எங்கள் வாடகை வீட்டின் வரவேற்பறை சிறியதாகவும் இருண்டும் இருக்கிறது. சுவரில் ஆணி அடிக்க அனுமதியில்லாத நிலையில், எதிலிருந்து தொடங்கலாம்?

பதில் 1: முதலில் விளக்கைக் கவனியுங்கள். கூரை நடுவிலுள்ள ஒற்றை விளக்கை மட்டும் நம்பியிராமல், 2700 முதல் 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வரையிலான இளமஞ்சள் எல்இடி பல்பு பொருத்திய மேசை விளக்கை ஒரு மூலையில் வைத்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியில் அறை அகன்று தெரியும். சன்னலுக்கு எதிரே பெரிய கண்ணாடி ஒன்றையும் சாய்த்து வைக்கலாம்.

பதில் 2: கண்ணாடி நல்ல யோசனைதான்; ஆனால் அதில் எது தெரியும் என்று பார்த்து வையுங்கள், இல்லையேல் குவிந்து கிடக்கும் துணிகளும் இரண்டாகத் தெரியும். அடியில் ரப்பர் பட்டை ஒட்டினால் வழுக்காது.

பதில் 3: பழைய மர அலமாரி இருந்தால் வண்ணம் பூசுங்கள். பளபளப்பான பழைய பூச்சின் மேல் புதிய பெயிண்ட் எளிதில் பிடிக்காது என்பதால், முதலில் 120 எண் உப்புத்தாளால் தேய்த்துத் தூசியைத் துடைத்து, ப்ரைமர் எனும் அடிப்பூச்சை அடித்து நன்றாக உலரவிட வேண்டும்.