உங்கள் கழித்தல் கணக்கு எங்கே தப்பியது?

896

இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் முதன்முதலாகக் கை வைத்தபோது எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு வரிதான்: கர்னலின் விர்ச்சுவல் முகவரியிலிருந்து (நிரல் பார்க்கும் முகவரி) ஒரு நிலையான எண்ணைக் கழித்தால் பிசிக்கல் முகவரி (ரேமில் உண்மையான இடம்) வந்துவிடும். 32-பிட் எக்ஸ்86 லினக்ஸில் அந்த எண் 3 ஜிபி. மொத்த முகவரிவெளியான 4 ஜிபியில் கீழே உள்ள 3 ஜிபி பயனர் நிரல்களுக்கு, மேலே உள்ள 1 ஜிபி கர்னலுக்கு.

512 எம்பி ரேம் இருந்த கணினியில், பிசிக்கல் பக்கங்களை (ரேமின் துண்டுகளை) படித்துக் காட்டும், கர்னலில் சேர்க்கும் ஒரு சின்ன மாட்யூல் எழுதினேன். கழித்தலின் தலைகீழ்: பிசிக்கல் முகவரியோடு 3 ஜிபியைக் கூட்டு, படி. அழகாக ஓடியது. அதையே 2 ஜிபி கணினிக்கு எடுத்துப் போனேன். ஓடியது, ஆனால் வந்தது குப்பை. சில சமயம் அந்தக் குப்பையில் நான் திறந்து வைத்திருந்த எடிட்டரின் எழுத்துகள் தெரிந்தன! பேய் பிடித்துவிட்டதோ என்றே நினைத்தேன்.

பிறகுதான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 1.5 ஜிபியில் இருக்கும் பக்கத்தோடு 3 ஜிபியைக் கூட்டினால் 4.5. 32 பிட்டில் அது சுற்றிக்கொண்டு 0.5 ஜிபியில் போய் நிற்கும். அது பயனர் நிரலின் இடம். கர்னல் தன் பங்கான 1 ஜிபியில் முதல் 896 எம்பி ரேமை மட்டுமே நிரந்தரமாகப் படியவைத்திருக்கிறது, மிச்சம் 128 எம்பி, சிதறிய பக்கங்களை ஒட்டினாற்போல் காட்டும் விமல்லாக் போன்றவற்றுக்கு. 896-க்கு மேல் இருக்கும் ரேம் ஹைமெம். வேண்டும்போது கேமேப் என்ற அழைப்பைப் போட்டு ஒரு தற்காலிக சன்னலைத் திறந்துதான் எட்டிப் பார்க்க முடியும்.

இந்தக் கழித்தல் உங்களை எங்கே கவிழ்த்தது? மற்ற கட்டமைப்புகளில் வேலை செய்தவர்களும் சொல்லுங்கள்.

பழைய ரவுட்டர்

மிப்ஸ் சிப்பில் கழித்தல் சரியாகவே வரும் சார். அங்கே சிக்கல் வேறு இடத்தில்.

32-பிட் மிப்ஸில் ஹெக்ஸில் 8-க்குப் பின் ஏழு பூஜ்யம் போட்ட இடத்திலிருந்து 512 எம்பிக்குக் கேசெக்0 என்று பெயர். இதற்குப் பேஜ் டேபிள் (விர்ச்சுவல் முகவரியைப் பிசிக்கலாக மாற்றும் அட்டவணை) கிடையாது, அதன் விடைகளை நினைவில் வைக்கும் டிஎல்பியும் கிடையாது. மேல் பிட்டுகளைச் சிப்பே நீக்கிவிட்டு நேராக ரேமுக்குப் போகும். அதை ஒட்டி அடுத்த 512 எம்பி கேசெக்1. அதுவும் அதே ரேம்தான், ஆனால் சிப்புக்குள் நகல் வைக்கும் கேச் வழியாகப் போகாது. ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல் மாதிரி.

நெட்வொர்க் சிப்புக்குப் பாக்கெட் விவரம் சொல்லும் டிஸ்கிரிப்டரை நான் கேசெக்0 வழியாக எழுதினேன். "இனி இது உன்னுடையது" என்று சிப்பிடம் சொல்லும் பிட் கேச்சிலேயே உட்கார்ந்துகொண்டது. சிப் ரேமைப் பார்த்தது, அங்கே பழைய மதிப்பு. பாக்கெட் போகவில்லை. பிழையைப் பிடிக்கலாமென்று ஒரு பிரின்ட் வரி சேர்த்தால் பாக்கெட் போகிறது, எடுத்தால் படுத்துவிடுகிறது! பிரின்ட் செய்யும்போது கேச்சில் வேறு விஷயங்கள் புகுந்து என் வரியை ரேமுக்குத் தள்ளிவிட்டிருக்கின்றன. இதைக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது. டிஸ்கிரிப்டரை மட்டும் கேசெக்1 வாசலுக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது.

ஒரு உபரி: மிப்ஸ் சிப் விழித்தெழுந்ததும் படிக்கும் முதல் கட்டளையும் கேசெக்1-இல்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் கேச் தயாராகியிருக்காது அல்லவா.

டிரைவர்காரன்

64-பிட்டுக்கு வந்ததும் நிம்மதி என்று நினைத்தவன் நான். நான்கு நிலைப் பேஜ் டேபிளில், ரேமை அப்படியே படியவைக்கும் நேரடி மேப்புக்கு மட்டுமே 64 டெராபைட் இடம். இருக்கிற ரேம் முழுவதும் அதில் அடங்கிவிடும், ஹைமெம் தலைவலி இல்லை.

என் யுஎஸ்பி டிரைவரில் ஒரு பழக்கம் இருந்தது. எட்டு பைட் தானே என்று பஃபரை ஸ்டாக்கிலேயே வைத்து டிஎம்ஏவுக்கு (சாதனமே நேராக ரேமைத் தொடும் முறை) கொடுத்துவிடுவேன். கூடாது என்று ஆவணத்தில் எழுதியிருக்கும். யார் கேட்டது, வருடக்கணக்கில் ஓடியதே. 2016 கடைசியில் லினக்ஸ் 4.9 வந்தது. எக்ஸ்86-64-இல் கர்னல் ஸ்டாக்கை விமல்லாக் பகுதிக்கு மாற்றினார்கள். ஸ்டாக் நிரம்பி வழிந்தால் உடனே பிடிபட வேண்டும் என்பதற்காக. அங்கே கழித்தல் செல்லாது, பேஜ் டேபிளில் தேடித்தான் ஆகவேண்டும். முகவரிகளைக் குலுக்கும் வசதியை அணைத்துவிட்டு என் கணக்கைப் பார்த்தேன்: 16 ஜிபி ரேம் உள்ள கணினியில் 65 டெராபைட்டைத் தாண்டிய பிசிக்கல் முகவரி.

பஃபரை, நேரடி மேப்பில் இடம் தரும் கேமல்லாக்கில் வாங்கியதும் தீர்ந்தது. டீபக் விர்ச்சுவல் என்ற தேர்வை வைத்துக் கர்னலைக் கட்டியிருந்தால் முதல் நாளே கத்தியிருக்கும்.

ஒளிராத எல்இடி

என்னுடையது சின்னக் கதை. ராஸ்பெரி பை-யில் ஆவணத்தைப் பார்த்து அதிலுள்ள முகவரியில் அப்படியே எழுதினேன், எல்இடி எரியவில்லை. ஆவணத்தில் இருந்தது பஸ் முகவரி, 7ஈ என்று தொடங்குவது. ஆர்ம் சிப்புக்கு அதே சாதனங்கள் முதல் பை-யில் 20-இல் தெரியும், 2, 3-இல் 3எஃப், 4-இல் எஃப்ஈ. விர்ச்சுவல், பிசிக்கல் என்று இரண்டு முகவரிதான் உலகம் என்று இருந்தேன். மூன்றாவதாக ஒன்று உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

புதுக் கர்னல்

நான் ரிஸ்க்-5 கட்டமைப்பில் பொழுதுபோக்காக ஒரு கர்னல் எழுதிக்கொண்டிருக்கிறேன். க்யூஈஎம்யூ எமுலேட்டரின் விர்ட் பலகையில் ரேம் பூஜ்யத்தில் தொடங்காது, 2 ஜிபியில்தான் தொடங்கும். முதல் 2 எம்பியை ஃபர்ம்வேரான ஓபன்எஸ்பிஐக்கு விட்டுவிட்டு அதற்கு மேல் கர்னல்.

எஸ்வி39 வகைப் பேஜ் டேபிளைக் கட்டி, அதன் இடத்தைச் சிப்புக்குச் சொல்லும் சாட்ப் பதிவேட்டில் எழுதினேன். எல்லாம் ஓடியது. உண்மையான பலகையில் ஏற்றினால் முதல் கட்டளையிலேயே பேஜ் ஃபால்ட் (பக்கத்தைத் தொட முடியவில்லை என்ற பிழை). டேபிளை ஒவ்வொரு பதிவாகக் கையால் சரிபார்த்தேன், தவறே இல்லை. இரண்டு இரவு போனது. கடைசியில் காரணம், ஏ பிட். ஒரு பக்கத்தைத் தொடும்போது "தொட்டாகிவிட்டது" என்ற அந்தப் பிட்டைச் சிப்பே வைக்கலாம், அல்லது ஃபால்ட் எழுப்பி மென்பொருளிடம் விட்டுவிடலாம். விவரக்குறிப்பு இரண்டையும் அனுமதிக்கிறது. க்யூஈஎம்யூ முதல் வழியில் போனது, என் பலகை இரண்டாவது வழியில். இப்போது கர்னல் பக்கங்களுக்கு ஏ, டி (எழுதியாகிவிட்டது என்ற பிட்) இரண்டையும் முன்கூட்டியே 1 என்று வைத்துவிடுகிறேன்.

896

ரிஸ்க்-5 நண்பரே, ஒரு சந்தேகம். சாட்பில் எழுதிய அடுத்த நொடி சிப் பழைய பிசிக்கல் முகவரியில்தானே நிற்கும்? அதையும் மேப் செய்தீர்களா?

புதுக் கர்னல்

ஆமாம், அதே முகவரிக்கே ஒரு மேப் போட்டுத்தான் தாண்டினேன். லினக்ஸ் செய்வது இன்னும் தந்திரமானது. ஃபால்ட் வந்தால் போகவேண்டிய இடமாக அடுத்த வரியின் விர்ச்சுவல் முகவரியை முன்பே கொடுத்துவிடும். அப்புறம் சாட்பில் எழுதும். பழைய முகவரி மேப்பில் இல்லாததால் ஃபால்ட் விழும், விழுந்த இடம்தான் வேண்டிய இடம்.

டிரைவர்காரன்

இதைப் படித்துவிட்டு என் பழைய டிரைவரை ஒருமுறை துழாவினேன். ஆர்ம்64-இல் பக்க அளவு 4, 16, 64 கேபி என எதுவாகவும் இருக்கலாம் என்று தெரிந்தே, 4 கேபிக்கு மட்டுமே பொருந்தும் 12 பிட் நகர்த்து என்று நேரடியாக எழுதிய இடங்கள் ஏழு இருக்கின்றன.