நல்பாயின்டர்எக்ஸெப்ஷன்: எதுவுமே நல் இல்லாத வரியில் பிழை வருவது எப்படி?

கேள்வி:
வணக்கம். ஜாவா 11-இல் பில் போடும் சிறு நிரல் ஒன்றை எழுதி வருகிறேன். கோப்பில் உள்ள ஒவ்வொரு வரியிலிருந்தும் பொருளின் குறியீட்டைப் பிரித்தெடுத்து, அதற்குரிய விலையை ஒரு ஹேஷ்மேப்பில் (குறியீட்டைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் அட்டவணை) தேடுகிறது. 17 வரிகள் சரியாக ஓடியபின் நல்பாயின்டர்எக்ஸெப்ஷன் (நல், அதாவது மதிப்பே இல்லாத ஒன்றைப் பயன்படுத்த முயன்றால் வரும் பிழை) வந்து நின்றுவிடுகிறது. ஸ்டாக் டிரேஸில் (பிழை எழுந்தபோது ஒன்றையொன்று அழைத்திருந்த மெத்தடுகளின் வரிசை; அடைப்பில் வரி எண்) மேலிருந்து கீழாக உள்ளவை: விலைஎடு (48), பில்போடு (31), மெயின் (12). 48-ஆம் வரி இதுதான்:

இன்ட் விலை = பட்டியல்.கெட்(குறியீடு);

பட்டியல், குறியீடு இரண்டையும் அச்சிட்டுப் பார்த்தேன். எதுவும் நல் இல்லை. கெட் மெத்தடிலேயே கோளாறு இருக்குமோ?

பதில் 1:
இருக்காது. கெட்டுக்குள் பிழை எழுந்திருந்தால் டிரேஸின் உச்சியில் ஹேஷ்மேப்பின் பெயர் நின்றிருக்கும். ஜாவாவில் மேல் வரியே பிழை எழுந்த இடம். அதை அழைத்த மெத்தட் அதற்கடுத்த வரியில் வரும். (பைதான் இதைத் தலைகீழாக அச்சிடும் என்பதால், அங்கிருந்து வருபவர்கள் முதலில் தடுமாறுவது வழக்கம்.) ஆகவே கெட் தன் வேலையை முடித்துத் திரும்பிவிட்டது. மேப்பில் விலையின் வகை இன்டிஜரா?

கேட்டவர்:
ஆம். ஆனால் அந்த வரியில் கெட்டைத் தவிர வேறு அழைப்பே இல்லையே?

பதில் 2:
நீங்கள் எழுதாத அழைப்பு ஒன்று இருக்கிறது. இன்டிஜரை (நல்லாகவும் இருக்கக்கூடிய வகை) இன்ட்டாக (நல்லாக இருக்க முடியாத வெறும் எண்) மாற்றுவதற்காக கம்பைலர் அங்கே இன்ட்வேல்யூ மெத்தடைச் சேர்க்கிறது. கெட் நல்லைத் திருப்பியதால் அந்த மெத்தடுக்குள் நுழையவே முடியவில்லை. நுழையாத மெத்தடுக்கு ஸ்டாக்கில் ஃபிரேம் (அந்த அழைப்புக்கான பதிவு) உருவாகாது என்பதால் டிரேஸிலும் அதன் பெயர் வரவில்லை. ஜாவா 15 முதல், எதை அழைக்க முயன்றபோது எது நல்லாக இருந்தது என்பதைப் பிழைச்செய்தியே சொல்லிவிடும். மேப்பில் இல்லாத குறியீட்டுக்கு கெட் நல்லைத்தான் தரும். குறியீட்டின் இருபுறமும் சதுர அடைப்புக்குறி வைத்து அச்சிட்டுப் பாருங்கள்.

கேட்டவர்:
[ எம்102] என்று வந்தது! 18-ஆம் வரியில் மட்டும் காற்புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி இருந்திருக்கிறது. வரியைப் பிரிக்கும் ஸ்ப்ளிட் அதை அப்படியே விட்டுவிட்டது. 48-ஆம் வரியில் ட்ரிம் (முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை நீக்கும் மெத்தட்) சேர்த்ததும் ஓடுகிறது. மிக்க நன்றி.

பதில் 1:
ட்ரிம்மை அங்கே வைக்காமல், கோப்பைப் பிரிக்கும் இடத்திலேயே வையுங்கள். கெட்ஆர்டிஃபால்ட் (குறியீடு இல்லாவிட்டால் நாம் சொல்லும் மதிப்பைத் தரும் மெத்தட்) போட்டு 0 கொடுத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நிரல் நிற்காது, பொருள் இலவசமாகப் போய்விடும்.