இடது திருப்பத்தில் மட்டும் சுழன்ற ரிமோட் கார்: ஸ்பிரிங், எடை பற்றி உங்கள் அனுபவம்?

கார்பெட்வாசி:
அந்த ஒரு ரேஸ் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள 1/10 டூரிங் கார். இடது திருப்பம் வந்தால் பின்பக்கம் பிய்த்துக்கொண்டு சுழலும். வலது திருப்பத்திலோ மூக்கு திரும்பாமல் நேரே தள்ளிக்கொண்டு போகும். பின் ஸ்பிரிங்கை ஒரு படி மென்மையாக்கினேன், இரண்டு படி, அப்புறம் ஷாக் (அதிர்வு தாங்கி) ஆயில். ஒன்றுக்கும் மசியவில்லை.

கடைசி ஹீட்டுக்கு (ஓட்டத்துக்கு) முன் பக்கத்து மேசைக்காரர் வந்தார். ஸ்க்ரூடிரைவர் தண்டை சேஸிஸின் (அடித்தட்டின்) முன்முனையில், சரியாக நடுவில் நுழைத்து மெல்லத் தூக்கினார். வலது முன்சக்கரம் எழும்பிவிட்டது. இடது சக்கரம் பலகையோடு ஒட்டியே கிடந்தது. "ஸ்பிரிங்கை விடுங்க, பின்னாடி காலரைப் பாருங்க" என்றார். ஸ்பிரிங்கின் மேல்முனையை அழுத்திப் பிடிக்கும் திருகு வளையம்தான் காலர். வலது பின் ஷாக்கின் காலர் இடதைவிட ஒன்றரைச் சுற்று இறங்கி, குறுக்கே எதிர்மூலையில் இருக்கும் இடது முன்சக்கரத்தின் மேல் பாரத்தை ஏற்றியிருந்தது. ஸ்பிரிங்கைத் தாங்கும் கீழ்க் கிண்ணத்தைக் கழற்றித்தானே ஸ்பிரிங் மாற்றுவோம்? காலரை நான் தொடவே இல்லை. போட்ட ஒவ்வொரு ஸ்பிரிங்கும் அதே கோணலில்தான் உட்கார்ந்திருக்கிறது.

மண்தடம்:
ஒன்றரைச் சுற்றுக்கு இவ்வளவா? மண்ணில் ஓடும் என் பக்கி காரில் இரண்டு சுற்று வித்தியாசத்தோடு ஒரு சீசன் முழுக்க ஓட்டியிருக்கிறேன், தெரியவே இல்லை. எனக்கு இதே நோய் வந்தபோது ஷாக் தண்டு வளைந்திருந்தது. அழுத்தினால் இறங்கும், விட்டால் பாதியில் நிற்கும். அதையும் பார்த்தீர்களா?

நாலுசக்கரம்:
மண்ணில் தெரியாதுதான், பிடிமானம் குறைவு. கார்பெட் விரித்த தடத்தில் அரைச் சுற்றே தெரியும். என் கதை சின்னது: ஒரே நிறம் என்று நம்பி இரண்டு கம்பெனி ஸ்பிரிங்கை ஆளுக்கொரு பக்கம் போட்டு ஒரு ஹீட்டை இழந்தேன். நிறத்துக்குப் பொது அளவு கிடையாது.

கார்பெட்வாசி, இனி இப்படிச் செய்யுங்கள். முதலில் ஆன்டி ரோல் பாரை (இடது, வலது சக்கரங்களை இணைக்கும் கம்பியை) கழற்றுங்கள், அது மாட்டியிருந்தால் தூக்கிப் பார்க்கும் சோதனையே பொய். பேட்டரி, பாடி எல்லாம் ஏற்றிய நிலையில் சமமான பலகையில் வைத்து, நாலைந்து முறை அமுக்கி விடுங்கள். டயர் விட்டம் இரு பக்கமும் ஒன்றா என்று பாருங்கள். நாலு ஷாக்கின் நீளத்தையும் வெர்னியரால் அளந்து, அப்புறம் காலர். காலரை இறக்கினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆகாது. கார் உயரமும் சக்கரத்தின் மேல் விழும் பாரமும்தான் மாறும்.

ஈயவில்லை:
எனக்கு எடை. பழைய நிக்கல் பேட்டரியிலிருந்து எடை குறைந்த லிப்போவுக்கு (லித்தியம் பேட்டரிக்கு) மாறியதும் கார் இளைத்துவிட்டது. பின்பிடிமானம் வேண்டுமென்று 40 கிராம் ஈயத்தைப் பின் பம்பரிலேயே ஒட்டினேன். ஆக்சிலரேஷன் அருமை. ஹேர்பின் வளைவில் மட்டும் பின்பக்கம் ஊஞ்சல் மாதிரி ஆடும், ஆரம்பித்தால் நிற்காது. மூன்றாவது லேப்பில் ஈயம் பிய்ந்து விழுந்தது. அடுத்த லேப்தான் அன்று நான் ஓட்டியதிலேயே வேகமானது. முடிந்ததும் தராசில் எடை குறைவு என்று ரிசல்ட்டையே எடுத்துவிட்டார்கள். அதே 40 கிராமைப் பேட்டரிக்குப் பக்கத்தில், சேஸிஸோடு சேஸிஸாக வைத்திருக்கலாம்.

கார்பெட்வாசி:
மண்தடம், தண்டு நேராகத்தான் இருக்கிறது, நேற்று கண்ணாடியில் உருட்டிப் பார்த்தேன். ரோல் பாரை அன்று யாருமே கழற்றவில்லை. இன்று கழற்றிவிட்டுத் தூக்கினேன். வலது முன்சக்கரம் இப்போதும் இடதைவிட ஒரு மயிரிழை முன்னால்தான் எழும்புகிறது.