'கில்' என்ற வார்த்தையிடம் மாட்டிய கதைகள்

ஹட்சன் கரை:
அமெரிக்காவில் ஆல்பனிக்குக் காரில் போகும்போது பீக்ஸ்கில் தாண்டி ஃபிஷ்கில் பலகை வந்தது. அம்மா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு "மீனைக் கொல்ற ஊரா?" என்றார். டச்சுக்காரன் வைத்த பேரும்மா, அவன் பாஷையில் கில் என்றால் ஓடை, 1664-ல் இங்கிலீஷ்காரன் இடத்தைப் பிடித்த பிறகும் பேர் அப்படியே தங்கிவிட்டது, கேட்ஸ்கில் மலைக்கும் இதே கதைதான் என்று மூச்சு விடாமல் விளக்கினேன். எல்லாம் கேட்டுக்கொண்டார். அங்கே வாங்கிய காபியை மூடிகூடத் திறக்காமல் குப்பையில் போட்டார். சுத்த சைவம். 1996-ல் பீட்டா அமைப்பே ஊர்ப் பேரை ஃபிஷ்சேவ் என்று மாற்றச் சொன்னதே, அம்மாவை என்ன சொல்ல?

நைட் ஷிப்ட்:
எனக்கு யுனிக்ஸ் என்ற கம்ப்யூட்டர் சிஸ்டத்தில். வேலைக்கான டிக்கெட்டில் 'கில் -எச்யூபி' என்று கட்டளையை எழுதி அனுமதி கேட்டிருந்தேன். கிளையன்ட் பக்கத்து மேனேஜர் நடுராத்திரி போன் காலில் "ஓடுற சர்வரை எதுக்குக் கொல்றீங்க" என்று ஒரே கத்தல். அந்தக் கட்டளை ப்ராசஸுக்கு, அதாவது ஓடிக்கொண்டிருக்கிற ப்ரோக்ராமுக்கு, ஒரு சிக்னல் அனுப்பும், அவ்வளவுதான். ஒவ்வொரு சிக்னலுக்கும் ஒரு எண் உண்டு. எதுவும் குறிப்பிடாமல் சும்மா கொடுத்தால் 15 போகும், மூட்டையைக் கட்டப்பா என்று மரியாதையாகச் சொல்வது மாதிரி. எச்யூபி கொடுத்தால் பல சர்வர் ப்ரோக்ராம்கள் செட்டிங்ஸைத் திரும்பப் படித்துக்கொள்ளும். 0 கொடுத்தால் ப்ராசஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். மறுபேச்சில்லாமல் முடிப்பது 9 தான். கடைசியில் தலைப்பை 'ரீலோட்' என்று மாற்றினேன், உடனே அப்ரூவ் ஆனது. உள்ளே அதே கட்டளை.

டப்ளின் நர்ஸக்கா:
ஹட்சன் தம்பி, கில் என்றால் ஓடை என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். இங்கே அயர்லாந்தில் கில்டேர், கில்கென்னி, கில்லார்னி எல்லாவற்றிலும் முன்னால் நிற்பது தேவாலயம் என்ற ஐரிஷ் சொல், அது சிற்றறை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கில்டேர் என்றால் ஓக் மரத்துக் கோயில். சில ஊர்களில் காடு என்ற ஐரிஷ் சொல்லும் இப்படித்தான் திரிந்திருக்கிறது. வார்டில் ஒரு தாத்தாவிடம் எந்த ஊர் என்று கேட்டேன், கில் என்று அவர் ஆரம்பித்ததும் என் முகம் போன போக்கைப் பார்த்து ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சிரித்தார் மனுஷன்.

ஹட்சன் கரை:
அக்கா, நான் எங்கள் பக்கத்தைத்தானே சொன்னேன்.

பத்திக்காரன்:
ஒரு ஆங்கில இதழிலிருந்து மெயில்: உங்கள் கட்டுரையைக் கில் செய்துவிட்டோம், கில் ஃபீ வரும். அதாவது எழுதச் சொன்ன கட்டுரையைப் போடாமல் நிறுத்திவிட்டு அதற்காகத் தரும் தொகை. கொலைக்கான கூலி செத்தவனுக்கே!

ஃப்ரீலான்ஸ் எழுதுகிறவர்கள் கவனியுங்கள். எழுத உட்காரும் முன்பே இந்தத் தொகையை மெயிலில் எழுதி வாங்கிவிடுங்கள். பேசிய பணத்தில் கால் பங்கு என்பது பரவலாக இருக்கிறது, பாதி கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. நிறுத்திய கட்டுரையை வேறு இதழுக்குக் கொடுக்கும் உரிமை உங்களுக்கே திரும்பும் என்று ஒரு வரி கண்டிப்பாக இருக்கட்டும். அப்புறம் பயணச் செலவு தனிக் கணக்கு, அதை இதற்குள் அடக்க விடாதீர்கள். போன் பேச்சை நம்பவே நம்பாதீர்கள்.

நைட் ஷிப்ட்:
இங்கே யாரும் அதைக் கேட்கவில்லையே சார் :)

வேர்ச்சொல் பித்தன்:
எல்லாம் சரி, நம் 'கொல்'தான் அங்கே போய் 'கில்' ஆனது. இதை மட்டும் யாரும் சொல்லமாட்டீர்கள்.

டப்ளின் நர்ஸக்கா:
ஐயா, 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்தில் தலைகாட்டும்போது அதற்கு அடி, தட்டு என்றுதான் பொருள். உயிரை எடுப்பது பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அடக்கு என்ற பொருளில் வரும் 'குவெல்' அதற்குச் சொந்தமாக இருக்கலாம் என்கிறார்கள், அதுவே உறுதியில்லை. காதுக்கு ஒன்றாகக் கேட்டால் உறவு என்றால் டச்சுக்காரன் ஓடையையும் எங்கள் ஊர்க் கோயிலையும் எந்த முறையில் சேர்ப்பீர்கள்?